இடப்பக்கமாக ஒரு சுற்று

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்குப் பகல் என்பது பாதி கனவுதான். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் யாராவது "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போதாக்குறைக்குத் திருநகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே புதிதாக ஒரு மாவு மில் வந்திருந்தது. ஆகவே நான் தூங்குவதற்கு என் மனைவியின் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தொண்ணூற்றாறாம் வருஷத்தில் மதுரையிலேயே சத்தமில்லாத இடம் அந்த இருட்டறைதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஹம்சவேணி ஊருக்கு மேற்கே ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் ஆராய்ச்சி முழுக்க ஒரு கருப்புச் சில்லைப் பற்றியது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒரு படிகம். திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிர வைத்தால் அதற்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீகடத்தி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். ஆனால் எல்லாத் திசைக்கும் அது ஒரே மாதிரி வழிவிடாது. அடுக்கடுக்காக அமைந்த படிகம் அது. அடுக்கோடு போனால் ஒரு குணம், அடுக்குகளைக் குறுக்கே தாண்டினால் வேறு குணம்.

"பரோட்டா மாதிரியா?" என்று கேட்டேன்.

"ஆமா, எள்ளு சைஸ் பரோட்டா. ஒங்களுக்கு இம்புட்டுப் புரிஞ்சாப் போதும்" என்றாள். பிறகு மனசு கேட்காமல் அவளே விளக்கினாள். "மாசி வீதியோடயே நடந்தா நீங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கலாம். அங்கருந்து ஆவணி மூல வீதிக்குக் குறுக்க போகணும்னா சந்து தேடணும்ல, அப்படி."

வீட்டில் எங்களுக்குச் சௌராஷ்டிரம்தான். லேபுக்குள் நுழைந்துவிட்டால் அவள் என்னிடமும் தமிழில்தான் பேசுவாள். அங்கே நான் புருஷன் இல்லை, கூலி இல்லாத உதவியாளன்.

அறைக்கு நடுவில் ஒரு இரும்புப் பீடம் இருந்தது. அதன்மேல், ஏதோ பழைய கருவியிலிருந்து கழற்றிய பெரிய லாடக் காந்தம். கரண்ட், வயர் எதுவும் வேண்டாத காந்தம். அடியில் பேரிங் வைத்திருந்ததால் ஒரு கையால் தள்ளினாலே நகரும். காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் புகைந்துகொண்டிருக்கும் நைட்ரஜன், அதற்குள் முடியைவிட மெல்லிய கம்பியில் தொங்கும் படிகம். கம்பியின் மேல்பகுதியில் பொட்டு அளவு கண்ணாடி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். விளக்கின் ஒளி அதில் பட்டு, சுவரில் ஒட்டிய ஸ்கேலில் ஒரு வெளிச்சப் புள்ளியாக விழும். காந்தத்தைத் திருப்பினால் படிகமும் கூடவே திரும்பப் பார்க்கும். கம்பி முறுக்கிக்கொள்ளும், புள்ளி நகரும். எந்தத் திசையில் படிகம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும்.

ஹம்சா காந்தத்தைத் தள்ளிக்கொண்டு பீடத்தைச் சுற்றி வருவாள். பித்தளை வளையத்தில் கோடு கோடாகப் பாகைகள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி எண்ணைச் சொல்வாள். நான் சுவரைப் பார்த்துப் புள்ளி நிற்கும் இடத்தைச் சொல்வேன். வெளிச்சம் போகும் பாதை வரும்போது மட்டும் குனிந்து கடப்பாள்.

"நவக்கிரகம் சுத்துற மாதிரியே இருக்கு. பாக்கி எட்டு எங்க?" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"ஒண்ணு அந்தா நாற்காலியில தூங்கிக்கிட்டு இருக்கு" என்றாள்.

அவள் எப்போதும் வலமாகத்தான் சுற்றுகிறாள் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. கோயிலில் யாரும் வலமாகத்தானே சுற்றுகிறார்கள், அதை யார் கவனிக்கிறார்கள்? ஒரு நாள் காந்தம் கை தவறி ஒரு கோடு தாண்டிப் போய்விட்டது. ஒரு கோடு பின்னால் இழுத்தால் ஆயிற்று. அவள் இழுக்கவில்லை. வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு முழுச் சுற்றும் சுற்றி, குனிந்து, நிமிர்ந்து, அதே கோட்டுக்கு வந்து நின்று, "எம்புட்டு?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

முந்தின வருஷம் ஐப்பசியில் என் அப்பா இறந்தார். அப்பாவுக்கும் ஹம்சாவுக்கும் அப்படி ஒரு ஒட்டு. மழைக்காலத்தில் குடையோடு பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார், எனக்காக அல்ல, மருமகளுக்காக. ஒருநாள் அவள் பிளாஸ்கில் கொஞ்சம் நைட்ரஜன் கொண்டு வந்து காட்டியபோது, தன் வெற்றிலையில் ஒன்றை அதில் முக்கி எடுத்தார். வெற்றிலை அப்பளம் போல நொறுங்கியது. அப்பா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மிச்ச வெற்றிலையையும் நொறுக்கிக் காட்டிவிட்டு, சாயங்காலம் போட வெற்றிலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் போனபோது ஹம்சா மூன்று மாதம். மாசமாக இருப்பவள் பிணத்தின் அருகே வரக் கூடாது என்று பெண்கள் அவளை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கேட்கவில்லை. எழுந்து வந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து, கையில் அரிசியோடு, அப்பாவை இடமாகச் சுற்றி வந்தாள். சாவுக்கு மட்டும்தான் அப்படிச் சுற்றுவது. காரியம் முடிவதற்குள் அவள் வயிற்றில் இருந்தது போய்விட்டது.

இது நிறையப் பேருக்கு நடப்பதுதான், காரணம் தேடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டில் யாரும் ஹம்சாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். யாரும் சொல்லாததை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் போலிருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது, காந்தம் ஒரு கோடு தாண்டிப்போன அன்றுதான்.

கார்த்திகை பிறந்தபோது வழிகாட்டிப் பேராசிரியர் பிச்சுமணி சார் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் கறார். நான் மூலையில் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தேன். ஹம்சா வரைந்து வைத்திருந்த கோடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போன வழி இருக்கு. வந்த வழி எங்கம்மா?"

"முழுச் சுத்தும் சுத்தி அதே இடத்துக்கு வந்துர்றேனே, சார்."

"அதே இடத்துக்கு வர்றே, சரி. எதிர்ப்பக்கத்துலேருந்து வந்தா படிகம் என்ன பண்ணும்? அதுதானே கேள்வியே? கமிட்டில எல்லாரும் இதைத்தான் கேக்கறா. இதுக்குப் பதில் இல்லாம தீசிஸ் அனுப்ப முடியாது."

"பின்னால சுத்துனா பேரிங் சிக்குது, சார்" என்றாள் ஹம்சா.

"சரி பண்ணு. படிகம் இரவல். மாசக் கடைசியில பெங்களூருக்குத் திருப்பிக் குடுக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

அவர் போனதும் நான் எழுந்துபோய்க் காந்தத்தின் மேல் கை வைத்தேன். பேரிங்கா சிக்குகிறது? போன மாதம்தான் நானே எண்ணெய் விட்டேன்.

"தொடாதீங்க!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வெளியே வராந்தாவில் போய்க்கொண்டிருந்த மாணவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஹம்சா, நீ படிச்சவ. காந்தத்த இந்தப் பக்கம் திருப்புனா என்ன, அந்தப் பக்கம் திருப்புனா என்ன? ஒனக்கு வேண்டாம்னா நான் சுத்துறேன்."

"நீங்க மட்டும் யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "தாடி எதுக்கு வளத்துக்கிட்டுத் திரியிறீங்க?"

பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முடியில் கத்தி படக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி நான் சாமியார் மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். எக்ஸ்சேஞ்சில் எனக்குச் சுவாமிஜி என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வலமாகவே சுற்றிக்கொண்டிருந்தாள், தேவையே இல்லாத அளவுகளை எடுத்துக்கொண்டு. நாட்கள் போயின. வேண்டியதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்கிற அவளைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்படி ஒரு நாள் புள்ளியைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன். கனவில் நான் படிகத்துக்குள் இருந்தேன். உள்ளே மதுரை மாதிரியே வீதிகள், ஆனால் கடைகள் இல்லை, சைக்கிள் இல்லை, தரையெல்லாம் கருப்பாக மினுங்கியது. நான் ஒரு வீதியில் நடந்துகொண்டிருந்தேன். கால் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. நின்றால்தான் கஷ்டம். பக்கத்து வீதியில் அப்பா குடையோடு நடந்துகொண்டிருந்தார். எனக்கு இணையாக, என் வேகத்திலேயே. நடுவில் சுவர் என்று எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு அடி குறுக்கே எடுத்து வைக்க முடியவில்லை. "அப்பா, இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். குடையை மடக்கி, முன்னால் பார்த்துப் போ என்பது போலக் காட்டினார். எவ்வளவு நேரம் அப்படிச் சேர்ந்து நடந்தோம் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"முப்பது. எம்புட்டு? ஏங்க, முப்பதுல எம்புட்டு?" என்று ஹம்சா உலுக்கினாள். விழித்தபோது என் தாடி நனைந்திருந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நாம் முன்னால் போனால் புளியமரங்கள் பின்னால் போகின்றன. நாற்பது வயதில் இதையா கண்டுபிடித்தாய் என்று கேட்காதீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு அது காந்தத்தோடு சேர்ந்து மனசில் விழுந்தது. காந்தம் வலமாகச் சுற்றினால், காந்தத்தின் பக்கமிருந்து பார்க்கிறவனுக்குப் படிகம் இடமாகச் சுற்றுகிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் ஹம்சா படிகத்தை இடமாகத்தான் சுற்றவிட்டுக்கொண்டிருந்தாள்! இப்போது அவள் காந்தத்தை இடமாகத் தள்ளினால், அது படிகத்துக்கு வலம் ஆகிவிடும். தோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய விஞ்ஞானி ஆகிவிட்டது போல எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் உடனே சொல்லவில்லை. சரியான நேரம் பார்த்துப் போட வேண்டிய துருப்புச் சீட்டு என்று வைத்துக்கொண்டேன்.

படிகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. மாட்டு ஆஸ்பத்திரிக்குக் காளை விந்தை உறைய வைப்பதற்காக வரும் லாரியில்தான் எங்களுக்கும் நைட்ரஜன் வரும். சமயநல்லூர் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, இன்றைக்கு வராது என்று போன் வந்தது. கேனில் இருந்தது ஒரு முறை குடுவையை நிரப்பத்தான் காணும்.

ஹம்சா நிரப்பினாள். புகை மேஜையிலிருந்து வழிந்து அவள் கால் வரைக்கும் வந்தது. படிகம் குளிரும்வரை இருவரும் காத்திருந்தோம். அப்போதுதான் என் சீட்டைப் போட்டேன். பஸ், ஜன்னல், புளியமரம், காந்தம், படிகம் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத நாள்லருந்தே தெரியும். இது கூடத் தெரியாமயா பிஎச்டி பண்ண வந்தேன்? படிகத்துக்கு இடமும் இல்ல, வலமும் இல்ல. நடக்குறது என் காலு. என் காலுக்குத் தெரியும்ல, அன்னைக்கு எந்தப் பக்கம் நடந்துச்சுன்னு."

நைட்ரஜன் மெல்லக் கொதித்துக் குறைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பட்டம் போனால் போகிறது. இவள் முகம் இப்படி ஆக வேண்டாம்.

அப்போது அவள் எங்கள் மொழியில் பேசினாள். லேபுக்குள் அவள் அந்த மொழியில் பேசியது அதுதான் முதல் தடவை. தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"மாமாவைச் சுற்றி வந்தபோது எனக்கு எந்தப் பயமும் இல்லை. அவருக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வேன் என்றுதான் இருந்தது. அது தப்பு என்று இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. ஆனால் இடமாகச் சுற்றவே மாட்டேன் என்று நான் நிற்கிற ஒவ்வொரு நாளும், அதுதான் தப்பு, அவரால்தான் பிள்ளை போனது என்று நானே சொல்கிற மாதிரி ஆகிறது. மாமாவை நான் அப்படிச் சொல்வேனா?"

"மாட்டாய்" என்றேன்.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க சுவரப் பாருங்க" என்று தமிழுக்குத் திரும்பினாள். "எண்ணை ஒழுங்காச் சொல்லணும். இன்னைக்குத் தூங்கினீங்க, அம்புட்டுத்தான்."

முதலில் வலமாக ஒரு சுற்று வந்தாள், போகும் வழியைச் சரிபார்க்க. புள்ளி எனக்குப் பழகிய பாதையில் ஏறியது. காந்தத்தின் திசை அடுக்குகளோடு ஒன்றாகப் படுக்கும் இடம் தாண்டியதும் சட்டென்று வழுக்கி மறுபக்கம் விழுந்தது. எந்தக் கோட்டில் விழும் என்பது எனக்கு மனப்பாடம். சுற்று முடிந்தது. அவள் காந்தத்தின் மறுபக்கத்துக்குப் போய், கையை மாற்றிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். என் கையைக் கொடுக்கலாமா என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. பிறகு அவள் இடது பக்கமாக முதல் அடி வைத்தாள்.

கோட்டை அவள் சொல்ல, புள்ளியை நான் சொல்ல, எங்கள் குரல்கள் இரண்டும் தெரியாதவர்கள் குரல் போல இருந்தன. வெளிச்சத்துக்குக் குனிந்து கடந்தாள், இந்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. புள்ளி போன வழியிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒன்றுதான், இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றத் தொடங்கியபோது அந்தக் கோடு வந்தது.

"எம்புட்டு?"

"விழலை" என்றேன்.

"என்னது?"

"புள்ளி விழவே இல்ல. அங்கயே நிக்குது."

அவள் அடுத்த கோட்டுக்குத் தள்ளினாள். நிற்கிறது என்றேன். அதற்கடுத்த கோடு. "இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, ஹம்சா. விடமாட்டேங்குது." போகும்போது கைவிட்ட இடத்தில், வரும்போது அந்த எள்ளளவு படிகம் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. பல கோடுகள் தாண்டி, இனி முடியாது என்ற இடத்தில்தான் புள்ளி வழுக்கி விழுந்தது. போன பாதைக்கும் வந்த பாதைக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி.

ஹம்சா காந்தத்தைப் பிடித்தபடியே அழுதாள். சிரிக்கவும் செய்தாள். "பார்த்தீங்களா, வேற வழியா வந்திருக்கு" என்றாள். "வேற வழியா வந்திருக்குங்க." அவள் மறுகை வயிற்றில் இருந்தது. எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஸ்கேலில் எண்கள் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருந்தது.

சுற்று முடிந்ததும் குடுவையை எட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஒரு தடவை வந்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். "சீக்கிரம் உக்காருங்க."

அப்படியே வலமாக ஒரு சுற்று வேகமாகப் போய்வந்தாள். பிறகு, நான் சரி என்று சொல்வதற்குள், மறுபடியும் இடமாக நடக்கத் தொடங்கியிருந்தாள்.

சித்திரை வெயிலில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சலூனுக்குப் போய்த் தாடியை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிச்சுமணி சார், ஹம்சா வரைந்த படத்தில் இருந்த இரண்டு கோடுகளையும் அவற்றின் நடுவில் இருந்த இடைவெளியையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பேரிங் சரியாயிடுத்தா?" என்று மட்டும் கேட்டாராம்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன்பே நடக்க வந்துவிட்டது. அப்பாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக அடியெடுத்து வைத்து, கட்டிலைச் சுற்றி வரத் தொடங்கினாள். பார்த்தால் இடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பழக்க தோஷம், நான் சட்டென்று எழுந்து அவளைத் தூக்கி மறுபக்கம் திருப்பி விடப் போனேன்.

"தொடாதீங்க" என்றாள் ஹம்சா. "அவ பாட்டுக்குச் சுத்தட்டும்."